நெல்லைச் சீமையில் கோடை தாங்கும் தோட்டம்

சித்திரை வெயிலில் நர்சரிக்குப் போய்ச் செடி வாங்காதீர்கள். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே நம் பக்கத்துத் தோட்டங்களில் பாதிச் செடி பிழைத்துவிடும். பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு, பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள் என்று ஏப்ரல், மே மாதத்தில்தான் எல்லோருக்கும் தோட்ட ஆசை வரும். நாங்குநேரிக்குப் பக்கத்தில் எட்டு சென்ட் இடத்தில் வீடு கட்டிக் குடிவந்த முதல் வருஷம் நானும் அப்படித்தான் ஒரு குட்டி யானை நிறையச் செடி இறக்கினேன், தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன், ஆடி முடியும்போது ஓர் அரளியும் இரண்டு கற்றாழையும்தான் மிச்சம்.

என் தங்கை ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கிறாள். அங்கேயும் கோடையில் 40 டிகிரி தாண்டும், மாதக்கணக்கில் பொட்டு மழை கிடையாது, மண்ணும் நம் தேரி மாதிரி வெறும் மணல். ஆனால் அவள் வீட்டில் செடி நன்றாக நிற்கிறது. போனில் புலம்பினபோது அவள் கேட்ட ஒரே கேள்வி, "அக்கா, மழைக்கு முந்தி நடாம வெயிலுக்கு முந்தி ஏன் நடுதே?" என்பதுதான். அதிலிருந்துதான் என் தோட்டத்தின் வருஷக் கணக்கே மாறியது.

பெர்த்தில் இருப்பதை மத்தியதரைக்கடல் தட்பவெப்பம் என்பார்கள். அந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள், கலிபோர்னியா, சிலியின் நடுப்பகுதி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வட்டாரம், ஆஸ்திரேலியாவின் தெற்கும் தென்மேற்கும் என்று உலகத்தில் ஐந்தே இடங்களில்தான் அது உண்டு. குளிர்காலத்தில் மழை, கோடை முழுக்க வறட்சி. அங்கே தோட்டம் போடுகிறவர்கள் கோடை முடிந்து முதல் மழை வரும் நேரத்தில் நடுவார்கள். மழைக்காலம் முழுக்க வேர் இறங்கும், அடுத்த கோடை வரும்போது செடிக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்திருக்கும். நம் கிழக்குச் சமவெளியைப் பாருங்கள். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற ஆனி, ஆடியில் நமக்கு வெறும் காற்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், தையோடு ஓய்ந்துவிடும், அப்புறம் ஒன்றிரண்டு கோடை மழை தவிர எட்டு மாதம் காய்ச்சல்தான். குளிர் என்ற ஒன்று நமக்கு இல்லையே தவிர, ஒரு மழைக்காலமும் அதற்குப் பின்னால் நீண்ட வறட்சியும் என்ற அமைப்பு இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

அதனால் நம் தோட்டத்துக்கு வருஷப் பிறப்பு புரட்டாசியில். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற சொலவடையை நான் மதிக்கிறேன், ஆனால் அது சாரல் விழுகிற தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துக்கும் கால்வாய்த் தண்ணீர் பாய்கிற இடத்துக்கும்தான் பொருந்தும். நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் ஆடியில் விதைத்தால் காற்று தின்றுவிடும். கோவில்பட்டிக் கரிசலில் மானாவாரிச் சம்சாரிகள் (விவசாயிகள்) மழையை எதிர்பார்த்துப் புரட்டாசியில்தான் விதைப்பார்கள், தாமிரபரணிப் பாசனத்திலும் ஆனி, ஆடியில் நடக்கிற கார் போகத்தைவிட, ஐப்பசி மழையை ஒட்டி வருகிற பிசானம்தான் பெரிய போகம். வீட்டுத் தோட்டமும் அதே வழியில் போனால் போதும்.

சரி, அப்படியானால் இப்போது கோடையில் என்ன செய்வது என்றால், குழி வெட்டலாம். மரம் வைக்க நினைக்கிற இடத்தில் சித்திரை, வைகாசியில் இரண்டு அடியோ மூன்று அடியோ நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவித்து, வெயிலில் ஆறப் போடுங்கள். சரள் மண்ணாக இருந்தால் கடப்பாரை இல்லாமல் இறங்காது, அதற்காகக் குழியைச் சின்னதாக்காதீர்கள், அந்தக் குழிதான் பின்னால் வேருக்குப் பானை மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆவணிக் கடைசியில் மேல்மண், மக்கிய மாட்டுச்சாணம், கிடைத்தால் குளத்துக் கரம்பை மண் மூன்றையும் கலந்து நிரப்பி மூடிவிடுங்கள். முதல் நல்ல மழை விழுந்து மண் அமுங்கின பிறகு கன்றை வையுங்கள். கன்று சின்னதாக இருப்பதே நல்லது. ஆளுயரக் கன்றுக்கு நர்சரிப் பையிலேயே வேர் சுருண்டிருக்கும், அது ஆழம் இறங்க வெகுநாள் பிடிக்கும். ஒரு முழம் உயரக் கன்று இரண்டு வருஷத்தில் அதைத் தாண்டிப் போவதை நான் எலுமிச்சையில் பார்த்தேன்.

மண்ணைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரே ஆலோசனை எல்லா ஊருக்கும் ஆகாது. தேரி மண்ணில் தண்ணீர் நிற்காது, ஊற்றினது நேராகக் கீழே போய்விடும், ஆகையால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விடவேண்டும், கரம்பையும் குப்பையும் வருஷா வருஷம் சேர்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கரிசல் நேர் எதிர். தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், வெடிப்பில் வேர் அறுந்துபோகும், அதனால் வெடிக்கும் முன்பே மாசி, பங்குனியில் மூடாக்கு, அதாவது சருகோ வைக்கோலோ, மண் மேல் போட்டுவிடவேண்டும். செவலும் சரளும் நடுவில். ஆற்றோரத்து வண்டலில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவையில்லை.

இனி தண்ணீர். இதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. சாயங்காலம் ஹோஸைப் பிடித்துக்கொண்டு எல்லாச் செடிக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளித்துவிட்டு வருவது மனசுக்கு இதமாக இருக்கும், ஆனால் நனைவது மேலே ஓர் அங்குலம்தான், அது மறுநாள் பத்து மணிக்குள் காய்ந்துவிடும், வேரும் அந்த ஓர் அங்குலத்தைத் தேடி மேலேயே வந்து கிடக்கும், பிறகு ஒரு நாள் நீங்கள் கல்யாணத்துக்குப் போனால் செடி செத்துப்போகும். என் ஆச்சி சொல்வாள், "ஏட்டி, இலைக்குத் தெளிக்காத, வேருக்கு ஊத்து." அவள் வாரத்துக்கு ஒரு முறைதான் மாதுளைக்கு ஊற்றுவாள், ஊற்றினால் இரண்டு குடம், அதுவும் மெதுவாக.

எவ்வளவு ஆழம் நனைந்தது என்று பார்க்க ஒரு கட்டிட வேலைக் கம்பி போதும். தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்து மண்ணில் கம்பியை அழுத்துங்கள். ஈரம் இருக்கும் வரை வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த இடம் வந்ததும் நின்றுவிடும். காய்கறிக்கு ஒரு சாண், சின்ன மரத்துக்கு ஒன்றரை அடியாவது இறங்கவேண்டும். முதல் வருஷக் கன்றுக்கு என் சரள் மண்ணில் கோடையில் ஐந்து நாளுக்கு ஒரு தடவை இருபது லிட்டர் போல விடுகிறேன், இரண்டாம் வருஷம் பத்து நாளுக்கு ஒன்று. மரம் வளர வளர வட்டப்பாத்தியையும் வெளியே தள்ளிக்கொண்டே போங்கள். தண்ணீர் குடிக்கிற சின்ன வேர்கள் தண்டுக்கு அடியில் இல்லாமல் கிளை நிழல் விழும் ஓரத்தில்தான் இருக்கும். நேரம் என்றால் விடிகாலை. சாயங்காலம்தான் தண்ணீர் வருகிறது என்றால் அதுவும் தப்பில்லை, வெயிலில் மட்டும் வேண்டாம்.

காய்கறிப் பாத்திக்கு நான் பானையைத்தான் நம்புகிறேன். ஐந்து லிட்டர், ஏழு லிட்டர் பிடிக்கிற, வயிறு பெருத்து வாய் சிறுத்த புதுமண்பானை, வர்ணம் பூசாதது. கழுத்து மட்டும் வெளியே தெரிகிற மாதிரி பாத்தியில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, மேலே ஒரு மண்தட்டால் மூடிவிடவேண்டும், மூடாவிட்டால் கொசு முட்டையிடும், ஓணான் விழும். பானையைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குள் நாலு கத்தரியோ தக்காளியோ வையுங்கள். மண் காயக் காயப் பானை கசியும், மண் ஈரமாக இருந்தால் கசிவு தானே குறைந்துவிடும், வேர்கள் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குடிக்கும். மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். வாங்கும்போதே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், ஓரிரு மணி நேரத்தில் வெளிப்பக்கம் நனைந்து கறுத்தால் நல்ல பானை. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் காருகுறிச்சியில் மண்பாண்டத் தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது, அங்கே போய் இந்தக் காரியத்துக்கு என்று சொல்லி வாங்கினால் நமக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. உப்புத்தண்ணீர் ஊற்றினால் ஒரு வருஷம், இரண்டு வருஷத்தில் பானையின் கண் அடைத்துவிடும், அப்போது வெளியே எடுத்து ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்க்கவேண்டும்.

உப்பு என்றதும் சொல்லவேண்டும். நம் பக்கம் போர்த்தண்ணீர் பல இடத்தில் சவர்தான். மண் மேல் வெள்ளையாகப் பூத்துக்கொண்டு, இலையோரம் கருகுகிறது என்றால் உப்பு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதால் அது இன்னும் கூடும். மழைத்தண்ணீர்தான் அதைக் கழுவி இறக்கும். ஆயிரம் சதுர அடி மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 1,850 லிட்டர், சிந்தினது சிதறினது போக 1,500 லிட்டராவது பிடிக்கலாம். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினபோது கட்டின தொட்டிகள் பல வீடுகளில் குப்பை மூடிக் கிடக்கின்றன, ஆவணியில் அதைத் தூர்வாருங்கள். அரிசி களைந்த தண்ணீரையும் காய்கறி கழுவின தண்ணீரையும் எந்தச் செடிக்கும் ஊற்றலாம். சோப்புத்தண்ணீர் என்றால் வாழைக்கும் கல்வாழைக்கும் மட்டும், கீரைக்கு வேண்டவே வேண்டாம்.

இப்போது காற்று. வெளிநாட்டுக் குறிப்புகளில் வெயிலைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பற்றி அதில் யார் எழுதப் போகிறார்கள். முப்பந்தல், காவல்கிணறு, பணகுடிப் பக்கம் அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை மேற்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்று, சித்திரை வெயிலைவிட அதிகமாகச் செடியை உறிஞ்சுகிறது என்பது என் அனுபவம். இலையின் மேற்குப்பக்க ஓரம் மட்டும் கருகி, கிழக்குப்பக்கம் பச்சையாக இருந்தால் அது நோய் கிடையாது, மருந்து அடிக்காதீர்கள், காற்றை மறியுங்கள்.

மறிப்பதற்குச் சுவர் உதவாது. முழுச் சுவரில் மோதின காற்று மேலே ஏறிச் சுழன்று அடுத்த பக்கம் விழுந்து செடியைப் பிய்த்துவிடும். பாதி காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கிற வேலிதான் வேண்டும். அப்படி ஒரு வேலி தன் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைக் குறைக்கும், ஆறடி வேலி இருந்தால் அறுபது அடி. மேற்கிலும் தென்மேற்கிலும் பனையோலைத் தட்டியோ கிடுகோ முதல் இரண்டு வருஷத்துக்கு, அதற்குள் உயிர்வேலி வந்துவிடும். நொச்சி வையுங்கள். போத்தை வெட்டி ஐப்பசியில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், ஆடு வாய் வைக்காது, தண்ணீர் கேட்காது. இதன் உறவுக்காரச் செடி ஒன்று மத்தியதரைக்கடல் ஓரத்தில் காடாக வளர்கிறது என்று தங்கை சொன்னாள், அங்கே தாங்குவது இங்கே தாங்காமலா போகும். கிளுவையும் நல்ல வேலி. இடம் இருந்தால் எல்லையில் பனங்கொட்டை ஊன்றிவிடுங்கள், நமக்கு இல்லாவிட்டாலும் பேரப்பிள்ளைக்கு ஆகும். முருங்கையைக் காற்றுக்கு முன்னால் நிறுத்தாதீர்கள், கிளை மளுக்கென்று ஒடியும். வைகாசியில் காய் முடிந்ததும் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் காற்று ஓய்வதற்குள் புதுக்கிளை வந்து, தை, மாசிக்குக் காய்க்கும்.

வெளிநாட்டுக் குறிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாத இன்னொரு இடம் வெயிலின் திசை. இத்தாலியிலோ ஸ்பெயினிலோ சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும், அதனால் தெற்குச் சுவரோரம் சூடு, வடக்குச் சுவரோரம் நிழல் என்று எழுதுவார்கள். பெர்த்தில் அது தலைகீழ். நமக்கோ சித்திரை பிறக்கிற சமயத்தில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும், அப்புறம் ஆவணி நடு வரை கொஞ்சம் வடக்கே தள்ளிப் போகும். ஆக, வடக்குப் பக்கம் நிழல் என்று நம்பி வைத்த செடிதான் சித்திரை, வைகாசியில் வதங்கும். நமக்கு எந்த மாதத்திலும் நிச்சயமாகத் தணிவான பக்கம் கிழக்குதான், காலை வெயில் மட்டும் பட்டு மதியத்துக்கு மேல் வீட்டு நிழல் விழும். கறிவேப்பிலை, மல்லி, புதினா, கீரை எல்லாம் அங்கே வையுங்கள். மாடித்தோட்டத்துக்குப் பச்சை வலை கட்டுகிறவர்கள் மேலே கட்டுவதோடு மேற்குப் பக்கமும் இறக்கிக் கட்டவேண்டும், கம்பியில் நன்றாக முடிந்து, ஆனியில் கிழியும் என்று எதிர்பார்த்து.

மூடாக்கு பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். வேப்பஞ்சருகு, கடலைத் தொலி, வைக்கோல், எது மலிவோ அதை நாலு விரல் கனத்துக்கு ஈரமான மண் மேல் போடுங்கள், காய்ந்த மண் மேல் போட்டால் வருகிற சின்ன மழையைக்கூட அது கீழே விடாது. தண்டிலிருந்து ஒரு கை தள்ளியே இருக்கட்டும். செவல் மண்ணில் கரையான் ஏறும், அங்கே வேப்பஞ்சருகு கொஞ்சம் தாங்கும். தென்னைக்கும் எலுமிச்சைக்கும் கதம்பையை (தேங்காய் உரிமட்டையை) குழிந்த பக்கம் மேலே பார்க்கிற மாதிரி வட்டமாகப் புதைத்தால், மழைத்தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் விடும்.

தொட்டிச் செடிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தென்னை நார்க்கழிவு கலந்த மண் ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் திரும்ப நனையாது, ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக ஓடி அடியில் வந்துவிடும், நாம் நிறைய ஊற்றிவிட்டதாக நினைத்துக்கொள்வோம். பெர்த் மணலிலும் இதே தொந்தரவு, மக்கின இலையின் மெழுகு மணலில் ஒட்டித் தண்ணீரை உருட்டி விட்டுவிடுமாம், அதற்கென்று மருந்தே விற்கிறார்கள். நமக்கு மருந்து தேவையில்லை. முதலில் ஒரு செம்பு ஊற்றி, பத்து நிமிஷம் விட்டு, இரண்டாவது செம்பு ஊற்றுங்கள். ரொம்பக் காய்ந்த தொட்டியை வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும் வரை முக்கி வையுங்கள்.

எதை வைப்பது? மத்தியதரைக்கடல் நாடுகளின் மரங்களில் மாதுளை, சீமை அத்தி, அரளி மூன்றும் இங்கே கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். அரளி அங்கே வறண்ட ஓடைகளில் தானாக வளர்கிற செடி, ஆனால் விஷம், ஆடும் குழந்தையும் வாய் வைக்காத இடத்தில் இருக்கட்டும். ஆலிவ் வாங்கி ஏமாறாதீர்கள், மரம் நிற்கும், பூப்பதற்குக் குளிர் வேண்டும், அது நம்மிடம் இல்லை. லாவெண்டர் நம் மழைக்கால ஈரப் புழுக்கத்தில் அழுகிவிடும். நம்முடையதே எவ்வளவு இருக்கிறது. ஆவாரை, பிரண்டை, தூதுவளை, நித்தியகல்யாணி, சங்குப்பூ, மருதாணி. நிலவாகை என்று ஒரு செடி, மஞ்சளாகப் பூக்கும், உலக மருந்துச் சந்தையில் அதற்குப் பெயரே தின்னவேலி சென்னா, இந்த மண்ணின் பெயரில் கடல் தாண்டிப் போகிற செடி நம் வீட்டு வாசலில் இல்லை என்பது எனக்கு வருத்தம். கரிசல்காரர்களுக்கு அதலைக்காய் உண்டு, கோடையில் கொடி காய்ந்து கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தூங்கும், மழை விழுந்ததும் தானே முளைத்துக் காய்க்கும்.

காய்கறியில் தக்காளியைப் புரட்டாசியில் நாற்றுவிட்டு ஐப்பசியில் நடுங்கள், மார்கழி, தையில் பறிக்கலாம். வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூவில் மகரந்தம் கெட்டு உதிர்ந்துவிடும், சித்திரையில் எவ்வளவு உரம் போட்டாலும் காய் நிற்காது. கோடையில் வெண்டை, சீனியவரை, தட்டாம்பயறு மட்டும் ஒரு பாத்தி, மற்ற பாத்திகளுக்கு ஓய்வு. ஓய்வில் கிடக்கிற பாத்தியில் கொழிஞ்சி விதையைத் தூவிவிடுங்கள், கோடை மழை ஒன்று விழுந்தால் முளைத்துவிடும், வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும், புரட்டாசியில் அதை மடக்கி மண்ணோடு கொத்திவிடலாம். கோடையில் உரம் போடுவதும், முருங்கையைத் தவிர மற்றவற்றைக் கவாத்து செய்வதும் வேண்டாம். புதுத்தளிர் வந்தால் அது தண்ணீர் கேட்கும், கொடுக்க நம்மிடம் இருக்காது. செடி வாடி நின்றாலும் சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் அதை அப்படியே விடுங்கள், அது பிழைக்கிற வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. விடியற்காலையிலும் வாடியே இருந்தால்தான் தண்ணீர்.

கடைசியாக மழை. எட்டு மாதம் தண்ணீரைத் தேக்கப் பாத்தியைக் குழியாக வைத்திருப்போம், அதை மாற்ற மறந்துவிடுவோம். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்தது, எங்கள் ஊரிலும் வானம் பொத்துக்கொண்டது. என் மூன்று பப்பாளியும் அந்த இரண்டு நாளில் வேர் அழுகிப் போயின, கோடை முழுக்கப் பானை வைத்துக் காப்பாற்றின மரங்கள். பப்பாளியும் முருங்கையும் தேங்கின தண்ணீரில் ஒரு நாள் நின்றாலே ஆபத்து. அதனால் ஐப்பசி பிறந்ததும் மண்வெட்டியோடு ஒரு சுற்று வாருங்கள். வட்டப்பாத்தியின் தாழ்ந்த பக்கத்தில் வரப்பை ஒரு கை அகலத்துக்கு வெட்டிவிட்டு, தண்டைச் சுற்றி மண்ணைக் கூட்டி அணைத்து, காய்கறிப் பாத்தியை ஒரு சாண் மேடாக்கி, எல்லா வாய்க்காலும் கிணற்றுக்கோ சேகரிப்புத் தொட்டிக்கோ போகிறதா என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெட்டின வரப்பை மார்கழி கடைசி மழை முடிந்ததும் மறுபடி மூடவேண்டும், அந்த மண்வெட்டியை அதுவரை கழுவாமல் வாசலிலேயே சாத்தி வைத்திருங்கள்.